‘நீங்கள் தனியாக இல்லை’ என்று மொழிபெயர்த்தவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், மனம் சோர்ந்திருக்கும் பதின்பருவப் பிள்ளைகளுக்கு உதவும் ஐந்து செயலிகள் என்று அரைப்பக்கத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். எத்தனை நட்சத்திரம், இலவசமா கட்டணமா, எத்தனை பேர் தரவிறக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருந்தது. அன்று மதியத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் படம் மூன்று முறை வந்துவிட்டது. என் பெரியப்பா மகன், ‘பாப்பா போனில் ஏத்திக் கொடுத்துட்டேன்’ என்று கட்டைவிரலை உயர்த்திய படத்தோடு பதில் போட்டார். கடமை முடிந்த நிம்மதி அந்தக் கட்டைவிரலில் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது தொழில். குக்கர் கையேடு, கடன் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், எது வந்தாலும் செய்வேன். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. போன வருஷம் அப்படி வந்ததுதான் ஒரு மனநலச் செயலி. பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரையுள்ள பிள்ளைகள் தாங்களே பயன்படுத்திக்கொள்வதற்கானது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் ஐந்தில் அது இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வந்தது ஒரு எக்செல் தாள். மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். இடதுபுறம் ஆங்கிலம், வலதுபுறம் நான். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்?’ என்பதைத் தவிர அதற்கு வேறு தமிழ் எனக்கு வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. ‘ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?’ என்றுதான் கேட்போம். அதற்கு வரும் பதிலும் ‘ஒண்ணுமில்ல’தான். அந்த ஒண்ணுமில்லயை எப்படிச் சொன்னாள் என்பதை வைத்து மீதியை நாமே தெரிந்துகொள்வோம்.

அப்புறம், செல்ஃப் கம்பேஷன் என்று ஒரு சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் வந்தது. நிறுவனம் கொடுத்த சொற்பட்டியலில் அதற்கு நேராக ‘தன்னிரக்கம்’ என்று போட்டிருந்தார்கள். தமிழில் தன்னிரக்கம் என்றால் ‘ஐயோ என் நிலைமையைப் பார்’ என்று தன்னை நினைத்துத் தானே அழுதுகொண்டிருப்பது. எதை விடச் சொல்லித் தருகிறார்களோ அதையே ‘தினமும் ஐந்து நிமிடம் தன்னிரக்கம் பழகுங்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். சண்டை போட்டு ‘உன்னிடமே கனிவு’ என்று மாற்ற வைத்தேன். ‘உன்’ கூடாது, ‘உங்கள்’தான் வேண்டும் என்றார்கள். அதனால் செயலி முழுக்க வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி மாதிரி ‘நீங்கள், உங்கள்’ என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் பேசுகிறது.

என் அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அக்காவும் மாமாவும் பெரம்பலூர்ப் பக்கம். அப்போது அவள் பிளஸ் ஒன். தமிழ் வடிவத்தைப் பிள்ளைகள் யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்லி நிறுவனமே கேட்டிருந்ததால் அவளிடம் காட்டினேன். ‘நீங்கள் தனியாக இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “சித்தி, பேய்ப் படத்துல பின்னாடி வந்து நிக்கிற மாதிரி இருக்கு.” யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ‘நாங்க இருக்கோம்ல’ என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். ஆனால் ‘நாங்கள்’ என்று எழுத முடியாது. அந்தப் பக்கம் யாருமே இல்லையே.

அவள் சிரித்ததை வைத்து அவள் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு. காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் திங்கள்கிழமை காலைகளில் அவளுக்கு வயிற்று வலி வந்துகொண்டிருந்தது. மருத்துவரிடம் கூட்டிப்போனதில் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். ராத்திரி ஒரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவள் அறையில் போன் வெளிச்சம் தெரியும். பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு 462 எடுத்தவள், பயோ-மேத்ஸ் குரூப்பில் இயற்பியலில் எழுபதுக்கு 23 எடுத்திருந்தாள். அவள் கேட்டது காமர்ஸ். மாமா சேர்த்தது இது.

செயலியை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல வரவில்லை. அவளே சொன்னாள், மூச்சுப் பயிற்சி நிஜமாகவே உதவியது என்று. நாலு எண்ணும்வரை உள்ளே இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது. இன்னொன்றும் அவளுக்குப் பிடித்திருந்தது. படபடப்பு வரும்போது கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று ஓசை, இரண்டு வாசனை, நாக்கில் ஒரு ருசி என்று வரிசையாகக் கவனிப்பது. இயற்பியல் ஆய்வகத்தில் கை நடுங்கியபோது மேசையடியில் நான்கு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாளாம். பாட்டியிடமோ ஆசிரியரிடமோ கற்றிருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கற்றுத்தரவில்லையே. செயலிதான் தந்தது.

நியூசிலாந்தில் ஸ்பார்க்ஸ் என்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. பிள்ளைகள் ஒரு கற்பனை உலகத்துக்குள் போய், இருட்டு எண்ணங்களைப் பூச்சிகளாகப் பார்த்து விரட்டுவார்கள். 2012ல் அதன் ஆய்வு முடிவு வந்தது. 12 முதல் 19 வயதுள்ள 187 பேரில் பாதிப்பேருக்கு விளையாட்டு, மீதிப்பேருக்கு வழக்கமான ஆலோசனை. மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் விளையாட்டுப் பக்கம் 43.7 சதவீதம், மறுபக்கம் 26.4. எங்கள் திட்ட மேலாளர் முதல் கூட்டத்தில் இந்த எண்களைத்தான் திரையில் காட்டினார். நானும் அசந்துபோனேன். பிறகு அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். தொழில் புத்தி, எதை மொழிபெயர்த்தாலும் அதன் மூலம் வரை போய்ப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்த 187 பேரும் உதவி தேடி ஏற்கெனவே பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போனவர்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பெரிய அபாயம் இல்லை என்று பார்த்தே சேர்த்திருக்கிறார்கள். அதாவது, அவர்களை ஒரு பெரியவர் பார்த்தாயிற்று. நம் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்குப் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் பார்த்திருக்கவில்லை.

இன்னொரு ஆய்வு 2019ல் வந்தது. 93 மனநலச் செயலிகளை எடுத்து, நிறுவியவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து திறந்து பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பதினைந்தாம் நாளில் நிற்பவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. உங்கள் பட்டியலில் தரவிறக்கியவர்களின் எண்ணிக்கை மட்டும் பெரிய எழுத்தில் இருந்ததால் இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

செயலியில் அரட்டைப் பகுதி ஒன்று உண்டு. ஆபத்தான சொற்கள் வந்தால் உடனே உதவிப் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக அறுபது எழுபது சொற்களும் தொடர்களும் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதைத் தமிழாக்கியது நான்தான். அந்த வேலையைச் செய்த அன்று சாயங்காலம் சமைக்கவில்லை, கடையில் இட்லி வாங்கினோம். ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில், ஒழுங்கான எழுத்துக்கூட்டலில் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பிள்ளை இன்று தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்கிறது? எல்லாம் தங்கிலீஷ். ஆங்கில எழுத்தில் தமிழ், அதுவும் பாதி உயிரெழுத்தை விழுங்கிவிட்டு. என் அக்கா மகளும் அப்படித்தான் அடித்திருக்கிறாள். “எதுவுமே வேணாம்னு தோணுது, தூங்கினா எழுந்திரிக்கவே கூடாது.” செயலி சொன்ன பதில்: “அருமை! உங்கள் உணர்வுகளைப் பகிர்ந்ததற்கு நன்றி. இப்போது ஒரு சிறு மூச்சுப் பயிற்சி செய்யலாமா?”

அந்த ‘அருமை!’ நான் எழுதியது. 2,116ஆம் வரி. ஆச்சரியக்குறியோடு.

மறுநாள் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே, “சித்தி, உங்க ஆப் என்ன சொல்லிச்சு பாருங்க” என்று போனை நீட்டினாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள். அவளுக்கு அதைச் சொல்ல வேறு வழி கிடைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் பள்ளிக்குப் போகவில்லை, நானும் வேலை பார்க்கவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். புகார் எண் ஒன்று வந்தது. அடுத்த வெளியீட்டில் பரிசீலிக்கப்படும் என்றார்கள். தங்கிலீஷில் வரக்கூடிய தொடர்களை நானே நூற்றுக்கும் மேல் காசு வாங்காமல் எழுதி அனுப்பினேன். ஆனால் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இது அடங்காது. ‘செத்தேன்டா’ என்று நம் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கும் சொல்வார்கள், கிரிக்கெட் பார்த்துக்கொண்டும் சொல்வார்கள். நிஜமாகவே தாங்க முடியாமல் இருப்பவள் அந்தச் சொல்லைத் தொடக்கூட மாட்டாள். ‘நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்பாள். ‘எங்கயாச்சும் போயிடணும்’ என்பாள். தன் கொலுசைக் கழற்றி, “இதை நீ வச்சுக்கோ” என்று தோழியிடம் கொடுப்பாள். இதற்கெல்லாம் எந்த எக்செல் தாளில் வரி இருக்கிறது?

தமிழில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் பிபிசி, அப்போது பேர் வாங்கியிருந்த இரண்டு அரட்டைச் செயலிகளைச் சோதித்தது. பன்னிரண்டு வயதுக் குழந்தை, தனக்குப் பாலியல் வன்கொடுமை நடக்கிறது என்று ஆங்கிலத்தில் நேராக எழுதுவது போலத் தட்டிப் பார்த்தார்கள். அதற்கு ஒரு செயலி, உறவுகள் மேல் உனக்கு இருக்கும் அக்கறை தெரிகிறது, அது அழகானது என்கிற தொனியில் பதில் சொன்னது. அதுதான் வோபாட், ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஒருவர் தொடங்கியது. 2025 ஜூன் 30ல் அந்தச் செயலியையே மூடிவிட்டார்கள். அதனோடு ராத்திரி ராத்திரி பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் மறுநாள் யாரிடம் பேசியிருப்பார்கள் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

அந்த உதவிப் பக்கத்தின் கதையையும் சொல்ல வேண்டும். அதில் ‘988 என்ற எண்ணை அழையுங்கள்’ என்று இருந்தது. அது அமெரிக்காவின் எண். பெரம்பலூரிலிருந்து அதை அழுத்தினால் யார் எடுப்பார்கள்? நான் 14416 என்று மாற்றினேன். சரிபார்ப்பவர், மூலத்தில் உள்ள எண்களை மாற்றக் கூடாது என்று குறிப்புப் போட்டு 988 ஆக்கினார். நான் மறுபடி மாற்றினேன். ஒன்பது மின்னஞ்சல் போனது. கடைசியில் ‘இந்தியாவுக்கு மட்டும்’ என்று ஒரு தனி வரி சேர்த்தார்கள். அந்தச் செயலியில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரே வரி அதுதான்.

14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இதை ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை என்கிறார்கள். தோசை ஆறிப்போன அந்தக் காலையில் முதலில் நான் அழைத்தேன். தமிழைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பெண் பேசினார். “நீங்க இப்ப அவங்க பக்கத்துலதான் இருக்கீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். மூவாயிரம் வரியில் எங்கேயும் நான் பார்க்காத கேள்வி அது. பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

செயலி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்று, ‘இந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?’ என்பது. நம் மனம் சும்மா பயமுறுத்தும்போது அந்தக் கேள்வி நல்லதுதான், சிகிச்சையிலும் கேட்பார்களாம். ‘எனக்கு இந்தப் பாடம் வராது’ என்று அவள் எழுதியதற்கு ஆதாரம் கேட்டது செயலி. ஆதாரம் இருந்ததே, எழுபதுக்கு 23. அப்பா கட்டிய பணத்துக்கு ரசீதும் இருந்தது. பிரச்சினை அவள் நினைப்பில் இல்லை, அவளைச் சேர்த்த குரூப்பில் இருந்தது. அதைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கும்? மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச அதற்கு வாய் ஏது? அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நாலைந்து முறை போன பிறகு, அங்கிருந்த மருத்துவர்தான் மாமாவை வரச்சொன்னார். மாமா ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, பேருந்து நிலையத்தில் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். குரூப் மாறவில்லை, அதற்குள் நாள் கடந்துவிட்டது. இப்போது பிளஸ் டூவில் அதே குரூப்பில்தான் இருக்கிறாள். திங்கள்கிழமை வயிற்று வலி எப்போதாவது வருகிறது.

பெற்றோர் கவனிக்க இன்னொரு விஷயம். அந்தச் செயலியின் தனியுரிமைக் கொள்கையை முழுக்கப் படித்த ஒரே தமிழச்சி அநேகமாக நான்தான், சொல்லுக்குக் காசு கொடுத்ததால் படித்தேன். நாற்பத்தொரு பக்கம். எங்கே தகவல் போகிறது என்ற இடத்தில் ‘எங்கள் கூட்டாளிகள்’ என்று இருக்கும், யார் கூட்டாளி என்று இருக்காது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம், மனநலம் பற்றி வாடிக்கையாளர்கள் கொடுத்த தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று 2023ல் அங்குள்ள வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம் நாட்டிலும் அதே 2023ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது, மிகவும் நல்லது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. அதுவும் சரிதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அப்பாவால்தான் அழுகிறாள் என்றால் அப்பா போனுக்கு வரும் ஓடிபியை அவள் எப்படிக் கேட்பாள்? இதற்கு என்னிடம் விடை இல்லை. போதாததற்கு நம் வீடுகளில் போன் ஒன்று, கைகள் நாலு. ‘இன்று உங்கள் மனம் எப்படி?’ என்று ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு வரும்போது போன் யார் கையில் இருக்கும் என்று அந்த நிறுவனத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும் முன், உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு இளைஞரை விட்டு அந்த ஐந்து செயலிகளிலும் தங்கிலீஷில் நாலு வரி தட்டச் சொல்லுங்கள். என் அக்கா மகள் தட்டிய அதே வரியைத் தட்டட்டும். என்ன பதில் வருகிறதோ அதை நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் அப்படியே அச்சிடுங்கள். அதே கட்டத்துக்குள் 14416ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417ம் குழந்தைகளுக்கான 1098ம் பக்கத்தில் இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் தரவிறக்க எண்ணிக்கையை எடுத்துவிடலாம்.

பெயர் வெளியிட வேண்டாம். ஒப்பந்தம் ஒரு காரணம். அவளைத் தெரிந்தவர்கள் உங்கள் நாளிதழ் வாங்குகிறார்கள் என்பது இன்னொன்று. அனுப்பும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, “21ன்னு எழுதியிருக்கீங்க சித்தி, 23” என்றாள். திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்,
உறையூர், திருச்சி.